தமிழை நிறுத்தினா பையன் பேசிருவானா?

ரெண்டு வயசுப் பிள்ளை இன்னும் சரியாப் பேசலையேன்னு கவலையோட வர்ற அப்பா அம்மாகிட்ட, "வீட்டுல தமிழ் பேசறதை நிறுத்துங்க, குழந்தை குழம்புது" அப்படின்னு சொல்றாங்க பாருங்க, அவங்க டாக்டரா இருந்தாலும் சரி, ப்ளே ஸ்கூல் மேடமா இருந்தாலும் சரி, அமெரிக்காவுல இருந்து வீடியோ கால்ல வர்ற ஒண்ணுவிட்ட மச்சானா இருந்தாலும் சரி, சொல்றது தப்பு. சும்மா தப்பு இல்லை, கெடுதல் செய்யற தப்பு. இதை எழுதணும்னு ரெண்டு வருசமா நெனச்சுட்டு இருக்கேன். மார்ச் க்ளோசிங், ஆடிட், இன்ஸ்பெக்‌ஷன்னு தள்ளிப் போயிட்டே இருந்துது. போன வாரம் நடந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம் இனியும் தள்ளிப்போட முடியாது. பதிவு நீளம். கோபமும் இருக்கும். பொறுத்துக்கங்க மக்கா.

மொதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திடறேன்.

ஜூனியர் பொறந்தது 2020 செப்டம்பர்ல, கொல்கத்தாவுல. பெரியவளுக்கும் அவனுக்கும் ஒன்பது வருச வித்தியாசம். நாப்பது வயசை நெருங்கற நேரத்துல ரெண்டாவது பிள்ளைன்னதும் ப்ராஞ்சுல எல்லாரும் ஒரு மாதிரியா சிரிச்சாங்க, அது கெடக்கட்டும். பெரியவ வளர்ந்தது அம்பாசமுத்திரத்துல, எங்கம்மா மடியில. பதினோரு மாசத்துல "காக்கா"ன்னா. ஒன்றரை வயசுல தெருவுல போறவங்களை எல்லாம் நிறுத்தி வச்சு விசாரணை பண்ணுவா. சின்னவன் பொறந்தது கொரோனா காலம். மொத ஒரு வருசம் அவன் பாத்த மூஞ்சி மொத்தமே மூணுதான். மத்ததெல்லாம் முகக்கவசம்.

குப்புற விழுந்தான், உக்காந்தான், நின்னான். நடந்தது பதினஞ்சாம் மாசம். கீழ்வீட்டுப் பெண் குழந்தை பத்தாம் மாசமே நடந்திருச்சாம். உடனே ஆளாளுக்கு ஒரு யோசனை. சொந்தக்காரர் ஒருத்தர் வாக்கர் வாங்கி பார்சல்ல அனுப்பிட்டார். (கனடாவுல 2004லயே வாக்கர் விக்கறதைத் தடை பண்ணிட்டாங்க. படிக்கட்டுல உருண்டு மண்டை உடையற கேஸ் அவ்வளவு. எங்க வீட்டு வாக்கர் இன்னிக்கும் பரண்ல இருக்கு.) நான் பயந்துபோய் இணையத்துல தேடினதுல கெடச்ச ஒரே உருப்படியான விஷயம் உலக சுகாதார நிறுவனம் 2006ல வெளியிட்ட கணக்கு. இந்தியா, கானா, ஓமன், நார்வே, அமெரிக்கான்னு அஞ்சு நாட்டுல ஆரோக்கியமான குழந்தைகளை வச்சுப் பாத்தது. தனியா நடக்கற வயசு 8 மாசத்துல இருந்து 17 மாசம் தாண்டி வரைக்கும் பரந்து கெடக்கு. நூத்துக்கு நாலு பிள்ளைங்க தவழவே இல்லை, நேரா எந்திரிச்சு நடந்திருக்கு. பத்து மாசத்துல நடந்ததும் பதினஞ்சு மாசத்துல நடந்ததும் ஒரே வரம்புக்குள்ளதான்.

எங்க தொழில்ல ஒரு ஒழுங்கு உண்டு. தவணை ஒரு நாள் தவறினா அது வாராக்கடன் ஆயிடாது. மொத முப்பது நாள் ஒரு நிலை, அறுபது வரைக்கும் அடுத்த நிலை, தொண்ணூறு நாள் தாண்டினாத்தான் அந்தப் பேரு. அதுவரைக்கும் கூப்பிட்டு விசாரிப்போம், நேர்ல போய்ப் பாப்போம். ஆனா பிள்ளை விஷயத்துல மட்டும் ஒரு நாள் பிந்தினாலே என்.பி.ஏ.ன்னு முத்திரை குத்திடறோம். மைல்கல்லு பாட்டுக்கு ரோட்டோரம் நிக்குது. அதைப் பிடுங்கிக் குழந்தை தலையில தூக்கி வைக்கறது நாமதான்.

நடைப் பிரச்சனை அதோட போச்சு. பேச்சுதான் நெஜமான பிரச்சனை.

ரெண்டு வயசு முடிஞ்சப்ப அவன்கிட்ட இருந்தது ஆறேழு வார்த்தை. "ம்மா", "பா" (இது பாலுக்கும் அப்பாவுக்கும் பொது), "தா", "ஊம்", அப்புறம் ட்ராமுக்கு ஒரு சத்தம். ரெண்டு வார்த்தை சேத்துப் பேசறதெல்லாம் கெடையாது. தங்கமணி கவலைப்பட்டா. குழந்தை டாக்டர்கிட்ட போனோம். நல்ல மனுஷர், தடுப்பூசி அட்டையை அவ்வளவு அக்கறையாப் பாப்பார். வெளிய முப்பது பேர் காத்திருந்தாங்க. "வீட்ல என்ன பாஷை?" "தமிழ்." "வேலைக்கு வர்ற அம்மா?" "பங்களா." "டிவி?" "ஹிந்தி, இங்கிலீஷ்." அவ்வளவுதான், பேனாவை மூடிட்டார். "டூ மெனி லாங்குவேஜஸ். குழம்பிப் போயிருக்கான். தமிழை நிறுத்திட்டு ஒரே பாஷை பேசுங்க. இங்கிலீஷ் பேசுங்க, ஸ்கூலுக்கும் உதவும்." ப்ளே ஸ்கூல்லயும் அதே பாட்டு. அட்மிஷன் ஃபாரத்துல "வீட்டு மொழி"ன்னு ஒரு கட்டம் இருந்துது. அதுல தமிழ்னு எழுதினதைப் பாத்து அந்தம்மா உச் கொட்டினதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

நானும் தங்கமணியும் படிச்சவங்கதானே? கேள்வி கேட்டிருக்கணும். கேக்கலை. டாக்டர் சொல்லிட்டாரேன்னு அன்னிக்கு ராத்திரியே வீட்டுல தமிழை நிறுத்திட்டோம்.

எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். நான் பி.காம். முழுக்கத் தமிழ்நாட்டுலயே படிச்ச ஆள். என் இங்கிலீஷ் நோட் போடற இங்கிலீஷ். "கைன்ட்லி சிட் ஹியர்"னு ரெண்டு வயசுப் பிள்ளைகிட்ட சொல்லியிருக்கேன், சத்தியமா. தங்கமணி நல்லாப் பேசுவா, ஆனா அவளுக்கும் கொஞ்சற இங்கிலீஷ் கெடையாது. குளிப்பாட்டறப்ப, தலை துவட்டறப்ப, சோறு ஊட்டறப்ப, காரணமே இல்லாம என்னமோ பொலம்பிட்டே இருப்போமே, அது மொத்தமும் நின்னு போச்சு. இங்கிலீஷ்ல அதெல்லாம் வராது. வந்தது எல்லாம் உத்தரவுதான். கம், கோ, ஈட், சிட், நோ. ராணுவ முகாம் மாதிரி ஆயிடுச்சு வீடு. தாலாட்டு நின்னுச்சு. அதுக்குப் பதிலா மொபைல்ல இங்கிலீஷ் ரைம்ஸ்.

நவம்பர்ல எங்கம்மா வந்தா. எழுவத்தி ஒரு வயசு, ரெண்டு ராத்திரி ரயில்ல. பேரன் பொறந்தப்ப கொரோனாவுல வர முடியலை, மொத தடவையா நாலு மாசம் கூட இருக்கலாம்னு முறுக்கு, அதிரசம், காருகுறிச்சி மண்சட்டின்னு ஒரு மூட்டையோட வந்தா. வந்த அன்னிக்கு ராத்திரி உக்கார வச்சு விளக்கினேன். "அம்மா, டாக்டர் சொல்லிருக்கார், இவன்ட்ட தமிழ் பேசக்கூடாது." அம்மாவுக்குத் தமிழைத் தவிர எந்த மொழியும் தெரியாது. அப்படின்னா நான் சொன்னதுக்கு என்ன அர்த்தம்? பேரன்கிட்ட பேசாதேன்னு அர்த்தம். அது அப்போ என் மண்டையில ஏறலை. அம்மா சரின்னுட்டா. அதுக்கப்புறம் அவனைப் பாத்தா சிரிப்பா, மடியில வச்சுக்குவா, சோறு பிசைஞ்சு குடுப்பா, வாயைத் திறக்க மாட்டா.

அந்த டிசம்பர் 25 ஞாயித்துக்கிழமை. குடும்பத்தோட அலிப்பூர் மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். கொல்கத்தாக்காரங்களுக்குக் குளிர்காலத்துல அங்க போறது திருவிழா மாதிரி. 1876ல திறந்தது, கட்டின நாள்ல இருந்து அந்தக் கூட்டம் கலையவே இல்லையோன்னு தோணும். ஆரஞ்சுப் பழம், அவிச்ச முட்டை, வெல்லப் பாகு போட்ட சந்தேஷ்னு கையில பையோட ஊரே வந்திருக்கும். பிள்ளைங்க எல்லாம் குரங்குக் குல்லாயில. பதினஞ்சு டிகிரிக்குக் கீழ போனாலே அந்த ஊர்ல குல்லா வெளிய வந்துரும். நாங்களும் ஜூனியருக்கு ஒண்ணு மாட்டிவிட்டோம், மூக்கும் கண்ணும்தான் தெரியும்.

அன்னிக்கு நாங்க பண்ணின கூத்தை நெனச்சா இப்பவும் வெக்கமா இருக்கு. ஒவ்வொரு கூண்டு முன்னாடியும் வாய்மொழித் தேர்வு. "லுக், எலிஃபன்ட்! ஸே எலிஃபன்ட்!" "லுக், ஜிராஃப்! ஸே ஜிராஃப்!" அவன் யானையைப் பாக்கறதா, அப்பா வாயைப் பாக்கறதா? மூணாவது கூண்டுலயே மூஞ்சியைத் திருப்பிட்டான். வெளிய கூட்டிட்டுப் போறதே பிள்ளை பாத்ததைப் பத்தி நாம நாலு வார்த்தை பேசறதுக்குத்தான். யானை எதுக்குக் காதை ஆட்டுது, அதுக்கு யார் சோறு வைப்பாங்க, அதோட அம்மா எங்க. ஆச்சி ஒருத்தி பக்கத்துலயே நிக்கறா. அம்பாசமுத்திரத்துலயும் பாபநாசத்துலயும் பாத்த யானையைப் பத்தி அவகிட்ட ஆயிரம் கதை இருக்கு. சேலைத் தலைப்பை வாயில வச்சுட்டு நின்னா.

ஏரிக்கரைக்கிட்ட ஜூனியர் கையை விட்டுட்டு ஓடினான். நான் பின்னாடி இருந்து பேரைச் சொல்லிக் கத்தறேன், திரும்பவே இல்லை. பெரியவ ஓடிப்போய்ப் பிடிச்சா. "குல்லா காதை மூடிருக்கு, அதான்"னேன். தங்கமணி, "கூட்டத்துல கேட்டிருக்காது"ன்னா. விஷயம் முடிஞ்சுது.

எங்களுக்குத்தான் முடிஞ்சுது. ரெண்டு நாள் கழிச்சு, நான் ஆபீஸ் விட்டு வந்து சட்டை கழட்டிட்டு இருக்கேன், அம்மா கதவுப் பக்கம் வந்து நின்னா.

"ஏய்யா, பிள்ளைக்கிப் பேச்சு வரலைங்கிய. அவனுக்கு மொதல்ல காது சரியாக் கேக்குதா?"

"கேக்குதும்மா. கதவு சாத்தினாத் திரும்பறான். ட்ராம் மணி அடிச்சாத் துள்ளறான்லா."

"அது பெருஞ்சத்தம். நான் குல்லாவக் கழட்டிட்டு, பின்னால இருந்து மெதுவாக் கூப்ட்டுப் பாத்துட்டேன். நாலு தரம். திரும்ப மாட்டுக்கான். மூஞ்சிக்கி நேரப் போனாத்தான் பாக்கான். டிவி பக்கத்துல போய் ஒட்டிக்கிட்டு நிக்கான், பாத்தியா?"

அப்புறம் கொஞ்சம் தயங்கிட்டுச் சொன்னா: "பேர மட்டுந்தாய்யா சொல்லிக் கூப்ட்டேன். வேற ஒண்ணும் பேசல. நாம் பேசுனா பிள்ளைக்கி ஆகாதுன்னு சொன்னல்லா."

இதுக்கு மேல எழுத ரொம்ப நேரம் ஆச்சு எனக்கு.

நிற்க. காது மூக்கு தொண்டை நிபுணர்கிட்ட போனோம். செவிப்பரிசோதனை. இதைப் பத்தி விவரமாச் சொல்றேன், நிறையப் பேருக்குத் தெரியறதில்லை. பிள்ளை பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத பரிசோதனைகள் இருக்கு. காதுல ஒரு சின்ன அடைப்பான் மாதிரி வச்சு, சத்தம் அனுப்பி, உள்காது திருப்பி அனுப்பற மெல்லிய ஒலியைப் பதிவு பண்றது ஒண்ணு, ஓ.ஏ.ஈ.ன்னு சொல்வாங்க. பிறந்த ஒண்ணு ரெண்டு நாள்லயே பண்ணலாம். செவிப்பறை எவ்வளவு அசையுதுன்னு காத்தழுத்தம் குடுத்துப் பாக்கறது இன்னொண்ணு, டிம்பனோமெட்ரி. அதுல காகிதத்துல ஒரு கோடு வரும், நல்ல காதுன்னா நடுவுல மலை மாதிரி எந்திரிக்கும். இவனுக்கு ரெண்டு காதுலயும் வயல் வரப்பு மாதிரித் தட்டையா வந்துது. செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோத்துட்டு இருக்கு. பசை மாதிரிக் கெட்டியான நீர். சின்னப் பிள்ளைங்களுக்கு, அதுவும் சளி அடிக்கடி பிடிக்கிற பிள்ளைங்களுக்கு, ரொம்ப சகஜம். வலிக்காது, சீழ் வடியாது, அதனால வெளிய தெரியவே தெரியாது. இவன் பொறந்தப்ப எடுத்த பரிசோதனையில ரெண்டு காதும் சரின்னுதான் வந்திருந்துது. இது அதுக்கு அப்புறம் வந்த வினை.

காது செவிடு இல்லை. ஆனா எப்படிக் கேக்கும்னா, தாமிரபரணியில முங்கிக் கெடக்கறப்ப கரையில இருந்து யாராவது கூப்பிட்டா கேக்குமே, அந்த மாதிரி. ஆள் பேசறாங்கன்னு தெரியும், என்ன பேசறாங்கன்னு பிடிபடாது. "ச", "த", "க" எல்லாம் கரைஞ்சு போயிரும். அப்படிக் கேட்ட பிள்ளை எப்படிங்க பேசுவான்?

இப்போ யோசிச்சுப் பாருங்க. இப்படி அரைகுறையாக் கேக்கற பிள்ளைக்கு எது உதவும்? பக்கத்துல உக்காந்து, மூஞ்சியைப் பாத்து, நிதானமா, திரும்பத் திரும்ப, சலிக்காமப் பேசற ஒரு ஆள். வீட்டுல அப்படி ஒரு ஆள் இருந்தா. மடியில வச்சுட்டு இருந்தா. அவ வாயை நான்தான் கட்டிப் போட்டிருந்தேன், ஒரு சீட்டுல எழுதாத மருத்துவ ஆலோசனையை நம்பி. தமிழை நிறுத்தினதுல அவனுக்குக் கிடைச்சது இங்கிலீஷ் இல்லை. மௌனம்.

அந்தக் காது டாக்டர்கிட்ட கேட்டேன், "எந்த பாஷை பேசறது சார்?" ஏற இறங்கப் பாத்துட்டு, "உங்களுக்கு எது வருமோ அது" அப்படின்னார்.

இந்தக் "குழம்பிடும்" கதை எங்கிருந்து வந்துதுன்னு தோண்டிப் பாத்தேன். 1923ல வேல்ஸ்ல செயர்னு ஒருத்தர், ரெண்டு மொழி பேசற பிள்ளைங்க அறிவுத் தேர்வுல கம்மி மார்க் வாங்கறாங்கன்னு எழுதினார். கிராமத்துப் பிள்ளைங்க, வசதி, படிப்பு, தேர்வு நடந்த விதம், இதையெல்லாம் சரியாக் கணக்குல எடுக்கலை. 1962ல கனடாவுல மாண்ட்ரீல் நகரத்துல பீல், லாம்பர்ட்னு ரெண்டு பேர், குடும்ப வசதியையும் வயசையும் சமப்படுத்திப் பாத்தாங்க. ரெண்டு மொழிப் பிள்ளைங்க பின்தங்கலை, பல தேர்வுகள்ல முன்னாடியே இருந்தாங்க. அதுக்கப்புறம் அறுவது வருசத்துல எத்தனையோ ஆராய்ச்சி. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால பேச்சு வராமப் போகும்னு காட்டின நல்ல ஆதாரம் கெடையாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைங்களைக் கூட வச்சுப் பாத்திருக்காங்க. அந்தக் குழந்தைங்களுக்கும் ரெண்டாவது மொழி கெடுதல் பண்ணலை. பொறந்து சில நாளே ஆன சிசு அம்மாவோட மொழியை வேத்து மொழியில இருந்து பிரிச்சு அறியும். வயித்துக்குள்ள இருந்தே கேட்டுட்டு வருதே. அப்பேர்ப்பட்ட பிள்ளையா குழம்பும்? குழம்பறது நாமதான்.

வார்த்தை எண்ணறதுலயும் ஒரு கோளாறு நடக்குது. ரெண்டு மொழிப் பிள்ளைக்கு ஒரு மொழியில மட்டும் எண்ணினா வார்த்தை கம்மியா இருக்கலாம். ரெண்டையும் கூட்டினா மத்த பிள்ளைங்க அளவுக்கு வந்துரும். ஒரு வாடிக்கையாளர் ரெண்டு ப்ராஞ்சுல கணக்கு வச்சிருக்கார். ஒரு பாஸ்புக்கை மட்டும் புரட்டிட்டு "இந்தாளு ஏழை, லோன் கெடையாது"ன்னு சொன்னா என் வேலை போயிடும். ப்ளே ஸ்கூல் மேடம் சொன்னா அது நிபுணர் கருத்து :-)

நம்ம நாட்டுல உக்காந்துட்டு இதைச் சொல்றதுதான் பெரிய வேடிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல ஒண்ணுக்கு மேல மொழி தெரியும்னு சொன்னவங்க 31 கோடிக்கு மேல. கோயமுத்தூர்ல வீட்டுல தெலுங்கும் தெருவுல தமிழும் பேசற குடும்பம் எத்தனை தலைமுறையா இருக்கு? மதுரையில சௌராஷ்டிரா பேசற பிள்ளை தமிழ்ல சண்டை போடலையா? யாரு குழம்பினாங்க?

இன்னொரு கேள்வியும் இருக்கு. மொழி அதிகம்னே வச்சுக்குவோம். ஒண்ணைக் கழிக்கணும்னா ஏன் எப்பவும் வீட்டு மொழியையே கழிக்கறீங்க? டிவியை நிறுத்துங்கன்னு ஒருத்தர் சொல்லலை. ரைம்ஸை நிறுத்துங்கன்னு சொல்லலை. மேல்மாடி மாஷிமா அவன்கிட்ட நாள் பூரா பங்களாவுல கொஞ்சிட்டுதான் இருந்தாங்க, அவங்களை யாரும் தடுக்கலை, தடுக்கவும் கூடாது. வெட்டு விழுந்தது எங்கம்மா மொழிக்கு மட்டும். இது மருத்துவம் இல்லைங்க. பள்ளிக்கூடத்துக்கு வசதியா பிள்ளையைத் தயார் பண்ற வேலை, அதுக்கு மருத்துவச் சாயம்.

உடனே "தமிழன் எங்க போனாலும் இளிச்சவாயன்"னு ஆரம்பிச்சுடாதீங்க. நம்ம சென்னையில வேலை பாக்கற ஒடியாக்காரர் ஒருத்தர், என்கூட ட்ரெய்னிங்குல இருந்தவர், அவர் பொண்ணுக்கு ரெண்டு வயசுல பேச்சு பிந்தினப்ப ஒடியாவை நிறுத்துங்கன்னுதான் சொல்லியிருக்காங்க. சொன்னது நம்ம ஆளுங்கதான். யார் ஊர்ல யார் வெளியாளோ, அவங்க வீட்டு மொழிக்குத்தான் பத்தியம்.

எதிர்ப்பக்கமும் ஒரு கூட்டம் இருக்கு, அவங்களையும் விடறதா இல்லை. "அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான், ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், ஒண்ணும் பண்ணாதீங்க." வங்கியில இதுக்குப் பேரு எவர்க்ரீனிங். கட்டாத கடனைப் புதுக் கடன் குடுத்து மூடி, கணக்கு நல்லாருக்குன்னு காட்டறது. தொண்ணூறு நாள் வரைக்கும் பொறுக்கணும்னு மேல சொன்னேன்லா, தொண்ணூத்தி ஒண்ணாம் நாள் கண்ணை மூடிக்கணும்னு சொல்லலை. ஒரு வயசுல மழலையே இல்லைன்னா, பதினாறு மாசத்துல ஒத்தை வார்த்தை இல்லைன்னா, ரெண்டு வயசுல ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லலைன்னா, எந்த வயசா இருந்தாலும் பேசிட்டு இருந்த பேச்சு நின்னு போச்சுன்னா, காத்திருக்காதீங்க. எந்த மொழியில எண்ணினாலும் சரி. மொதல் வேலை காதைப் பரிசோதிக்கறது. பிறவியிலேயே காது கேக்காத பிள்ளைங்களுக்கு ஒரு மாசத்துக்குள்ள பரிசோதனை, மூணு மாசத்துக்குள்ள உறுதி, ஆறு மாசத்துக்குள்ள சிகிச்சை ஆரம்பம்னு உலகம் பூரா ஒரு இலக்கே வச்சிருக்காங்க. அவ்வளவு அவசரமான விஷயம். மத்திய அரசோட ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் 2013ல ஆரம்பிச்சது, அங்கன்வாடியிலயும் பள்ளியிலயும் பிள்ளைங்களைப் பரிசோதிக்கற திட்டம், அதுல காது கேளாமையும் பேச்சுத் தாமதமும் பட்டியல்லயே இருக்கு. தனியார் ப்ளே ஸ்கூலுக்கு அனுப்பற நம்மள மாதிரி ஆளுங்கதான் ரெண்டுங்கெட்டான். அந்த வண்டி நம்ம வாசலுக்கு வராது, நாமளும் தேடிப் போக மாட்டோம்.

எங்க டாக்டர் மூணு மாசம் பொறுத்துப் பாக்கச் சொன்னார். பெரும்பாலும் தானா வடிஞ்சுரும், வடியலைன்னா செவிப்பறையில சின்னக் குழாய் வைக்கலாம்னார். இவனுக்கு வடிஞ்சுது. 2023 ஏப்ரல்ல மறுபடி எடுத்தப்ப காகிதத்துல மலை வந்துது. நான் என்னமோ பேலன்ஸ் ஷீட் டேலி ஆன மாதிரி அந்தக் காகிதத்தை ரெண்டு நாள் பையிலயே வச்சுட்டு அலைஞ்சேன். தமிழ் பேசினதால பேச்சு வந்துதுன்னு நான் சொல்ல மாட்டேன், அது பொய். நீர் வடிஞ்சதால காது திறந்துது. காது திறந்தப்ப வீட்டுல பேச்சு இருந்துது. அவ்வளவுதான்.

அம்மா மார்ச்சுலயே ஊருக்குக் கெளம்பிட்டா. சோதனை பண்ணின நாள்ல இருந்து ரெண்டு மாசம் அவனோட பேசித் தீத்தா. அதுக்கு முன்னாடி போன ரெண்டு மாசம் போனதுதான். அதை எந்த ஹெட்ல எழுதி நேர் பண்றது?

மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஜூனியரைக் கூட்டிட்டு கரியாஹாட்ல இருந்து எஸ்பிளனேடு போற ட்ராம்ல ஏறினேன். நாங்க ரெண்டு பேர் மட்டும். கூட்டமே இல்லை. ஜன்னலோரம் உக்காந்து நான் பாட்டுக்குத் தமிழ்ல பொலம்பிட்டே வந்தேன். அந்தா பாரு மஞ்ச டாக்சி, அந்தா ஒரு தாத்தா மீன் வாங்கிட்டுப் போறார், மீன் வாலு பைக்கு வெளிய ஆடுது பாரு. பரீட்சை ஒண்ணும் வைக்கலை. எஸ்பிளனேட்ல இறங்கி நின்னோம். ட்ராம் மணியை மிதிச்சுட்டுத் திரும்பிப் போச்சு. அவன் அதையே பாத்துட்டு நின்னான். அப்புறம் என் விரலை இழுத்து, "ட்ராம் போச்சு"ன்னான்.

ரெண்டு வார்த்தை. நான் நடுரோட்டுல நின்னு தங்கமணிக்கு போன் போட்டேன். (அந்தப் பாதைக்கும் ஆபத்து வந்தாச்சு. எஸ்பிளனேடு–மைதானம் பாரம்பரியப் பாதை தவிர மத்த ட்ராமை எல்லாம் நிறுத்தப்போறதா 2024 செப்டம்பர்ல மாநில அரசு அறிவிச்சுது. அதுக்கு ஒரு தனிக் கோபம் இருக்கு, இன்னொரு நாள்.)

இன்னிக்கு அவனுக்கு அஞ்சு வயசு முடிஞ்சாச்சு. என்கிட்ட தமிழ், மாஷிமாகிட்ட பங்களா, ஸ்கூல்ல இங்கிலீஷ், அக்காகிட்ட சண்டை மட்டும் மூணும் கலந்து. வாயை மூடுறானான்னுதான் இப்ப வீட்டுல கவலை.

சரி, போன வாரக் கதை. தென்காசிப் பக்கத்துல இருந்து புதுசா மாத்தலாகி வந்திருக்கார் ஒரு தம்பி, எங்க ப்ராஞ்சுலதான். ரெண்டு வயசுப் பொண்ணு. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வச்சுட்டு ஒரு வாய் எடுக்கலை. என்னப்பான்னேன். "சார், பாப்பா இன்னும் பேச மாட்டுக்கா. டாக்டர் வீட்டுல தமிழ் வேண்டாங்கார். எங்க அத்தை வேற ஊர்ல இருந்து வந்திருக்காங்க, அவங்ககிட்ட எப்படிச் சொல்லுறதுன்னு தெரியல."

"சொல்லாத. காது டெஸ்ட் பண்ணியா?"

"காதா? காது நல்லாத்தான சார் கேக்குது. கதவு தட்டினாத் திரும்புதா."

நாளைக்குக் காலையில பத்தரைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். அவருக்கு லீவு சாங்ஷன் பண்ணியாச்சு, கேஷ் கவுண்டர்ல மாத்து ஆளும் போட்டாச்சு. அத்தையையும் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்கேன்.